குல்லா, கையுறை, மஃப்ளர்: அளந்து கணக்கிட்டுக் கையால் பின்னும் முறை

உதகையில் டிசம்பர், ஜனவரி மாத இரவுகளில் வெப்பநிலை பூஜ்ஜியத்தை நெருங்கும்போது புல்வெளிகளில் உறைபனி வெள்ளையாகப் படர்ந்துவிடுகிறது. அந்தக் குளிரில் விடியலிலேயே வேலைக்குக் கிளம்புகிறவருக்குக் காதை மூடும் குல்லாவும், விரல்களின் அசைவைத் தடுக்காத கையுறையும், கழுத்தை இரண்டு சுற்றுச் சுற்றிவரும் மஃப்ளரும் வேண்டும். கடையில் விற்பவை எல்லாத் தலைகளுக்கும் பொதுவான அளவில் செய்யப்பட்டவை. ஊசியும் நூலும் கையில் உள்ளவரோ, ஒருவருடைய தலையை அளந்து அவருக்கென்றே பின்னிவிடலாம். நிட், பர்ல் என்ற இரண்டு அடிப்படைப் பின்னல்களும் தெரிந்தவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

கம்பளி இழை இயற்கையிலேயே சுருள் சுருளாக இருப்பதால் இழைகளுக்கிடையே காற்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. உடலின் சூட்டை வெளியேறாமல் காப்பது அந்தக் காற்றுதான். தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு ஈரத்தை உறிஞ்சிய பிறகும் கம்பளி நனைந்ததுபோல் தோன்றாது என்பதால் பனிமூட்டம் உள்ள ஊர்களுக்கு அது மிகவும் ஏற்றது. நெற்றியில் அரிப்பு ஏற்படும் என்று அஞ்சுகிறவர்கள் மெல்லிய, மிருதுவான இழை கொண்ட மெரினோ கம்பளியை வாங்கலாம். அக்ரிலிக் நூல் விலை குறைவு, துவைக்கவும் எளிது, ஆனால் ஈரத்தை உறிஞ்சாது. பருத்தி நூலுக்கு மீள்தன்மை குறைவு. அதில் பின்னிய குல்லா சில நாட்களிலேயே தளர்ந்து கண்ணை மறைக்கும். எந்த நூலானாலும் தேவையான உருண்டைகள் அனைத்தையும் ஒரே சாயத்தொகுதி எண் (ஒன்றாகச் சாயமேற்றிய நூல்களுக்கு உறையில் இடும் எண்) பார்த்து ஒரே நேரத்தில் வாங்கிவிட வேண்டும்.

ஊசி வாங்கும்போது எண்ணை மட்டும் நம்பக் கூடாது. பழைய பிரிட்டிஷ் வரிசையில் எண் கூடக் கூட ஊசி மெலியும். அமெரிக்க வரிசையில் எண் கூடினால் ஊசி தடிக்கும். பிரிட்டிஷ் 8 என்பது 4 மில்லிமீட்டர், அமெரிக்க 8 என்பது 5 மில்லிமீட்டர். ஆகவே மில்லிமீட்டரைக் கேட்டு வாங்குவதே பாதுகாப்பு.

இனி மாதிரித் துண்டு, அதாவது அளவு பார்ப்பதற்காக முதலில் பின்னும் சிறு துண்டு. பலரும் நேரம் வீணாகிறது என்று தவிர்க்கும் இந்த ஒரு மணி நேர வேலையைத்தான் நான் மிகவும் வலியுறுத்துவேன். 4.5 மில்லிமீட்டர் ஊசியில் 30 கண்ணிகள் (ஊசியில் கோக்கும் நூல் வளையங்கள்) ஏற்றி, ஒரு சாண் உயரத்துக்குப் பின்னி, துவைத்து உலர்த்திய பின், ஓரங்களை விட்டுவிட்டு நடுவில் 10 செ.மீ. அகலத்துக்குள் எத்தனை கண்ணிகள் உள்ளன என்று எண்ண வேண்டும். 20 கண்ணிகள் வருவதாக வைத்துக்கொள்வோம். 104 கண்ணிகள் போட்டால் குல்லாவின் சுற்றளவு 52 செ.மீ. ஆகும். கை சற்றுத் தளர்ந்து 18 கண்ணிகளே வந்திருந்தால் அதே 104 கண்ணிகள் ஏறக்குறைய 58 செ.மீ. ஆகிவிடும், கை இறுகி 22 வந்திருந்தால் 47 செ.மீ.தான் கிடைக்கும். இரண்டே கண்ணிகளின் வேறுபாடு குல்லாவைப் பயனற்றதாக்கிவிடுகிறது.

குல்லா நழுவாமல் நிற்க வேண்டுமானால் அது தலையைவிட 4 அல்லது 5 செ.மீ. சிறியதாக இருக்க வேண்டும். தலைச் சுற்றளவு 56 செ.மீ. என்றால் 51 செ.மீ.க்கு 102 கண்ணிகள். அதை எட்டால் வகுபடும்படி 104 ஆக்கிக்கொள்கிறோம். தையலின்றிச் சுற்றிச் சுற்றிப் பின்ன உதவும் வட்ட ஊசி இருந்தால் 104, இரண்டு நேர் ஊசிகளில் பின்னி ஓரத்தைத் தைப்பதானால் தையலுக்காக 106. முதல் 5 செ.மீ. வரை 4 மில்லிமீட்டர் ஊசியில் இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று மாறி மாறி ரிப் (இழுபடும் வரிப் பின்னல்) பின்ன வேண்டும். காதை இறுகப் பற்றுவது இந்தப் பகுதிதான். பிறகு 4.5 மில்லிமீட்டர் ஊசிக்கு மாறி, மொத்த உயரம் 15 செ.மீ. வரும்வரை வெறும் நிட். உச்சியைக் குறைக்க, 104 கண்ணிகளை 13 கண்ணிகள் கொண்ட எட்டுப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியின் கடைசி இரண்டு கண்ணிகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பின்ன வேண்டும். முதல் ஆறு முறை ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றாகவும், அடுத்த ஆறு முறை ஒவ்வொரு சுற்றிலும் குறைத்தால், 18 சுற்றுகளில் எட்டே கண்ணிகள் மிஞ்சும். நூலை 20 செ.மீ. விட்டு வெட்டி, தையல் ஊசியில் கோத்து, அந்த எட்டுக் கண்ணிகளுக்குள்ளும் செலுத்தி இறுக்கி உள்பக்கம் முடிந்துவிடலாம். நேர் ஊசியில் பின்னுகிறவர்கள் கூடுதலாகப் போட்ட இரண்டு கண்ணிகளையும் இருபுறமும் குறைக்காமல் வைத்திருந்து, கடைசியில் ஓரத்தைத் தைக்க வேண்டும்.

நிறங்களால் அழகு சேர்க்க விரும்புகிறவர்கள் ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவுகளில் வளர்ந்த ஃபேர் ஐல் முறையைப் பின்பற்றலாம். அதில் ஒரு வரிசையில் இரண்டு நிறங்களுக்கு மேல் வருவதில்லை. பயன்படாத நிறம் பின்புறமாகவே ஓடுவதால் துணி தடித்துக் கூடுதல் சூடும் கிடைக்கிறது. கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோலக் கட்டமிட்ட தாளில் எட்டுக் கண்ணி அகலத்தில் ஒரு வடிவம் வரைந்தால், அது 104 கண்ணிகளில் மிச்சமின்றிப் பதின்மூன்று முறை வரும். பின்னால் ஓடும் நூல் ஐந்து கண்ணிகளுக்கு மேல் நீளாமலும் இறுகாமலும் இருக்க வேண்டும். இறுகினால் துணி சுருங்கிவிடும்.

கையுறையில், முதல் முயற்சிக்கு விரல் நுனி திறந்த வகையே நல்லது. உள்ளங்கையின் சுற்றளவு 19 செ.மீ. என்றால் 36 கண்ணிகளும் தையலுக்கு இரண்டும் ஏற்றி, 6 செ.மீ. ரிப், 9 செ.மீ. நிட், மீண்டும் 2 செ.மீ. ரிப் என்று ஒரு செவ்வகமாகப் பின்னி முடிக்கலாம். பக்கவாட்டில் கீழிருந்து 9 செ.மீ. தைத்து, கட்டைவிரலுக்கு 5 செ.மீ. திறப்பு விட்டு, மீதியைத் தைத்தால் போதும். இடது, வலது வேறுபாடில்லாமல் இப்படி இரண்டு.

மஃப்ளருக்குக் கணக்கு குறைவு, பொறுமை அதிகம். 40 கண்ணிகள் 20 செ.மீ. அகலம் தரும். இருபுறமும் எல்லா வரிசைகளையும் நிட்டாகவே பின்னினால் ஓரங்கள் சுருளாது. ஒருபுறம் நிட், மறுபுறம் பர்ல் என்று பின்னினால் மஃப்ளர் முழுவதும் குழாய்போலச் சுருண்டுவிடும். ஒவ்வொரு வரிசையின் முதல் கண்ணியையும் பின்னாமல் மாற்றிவிட்டால் ஓரம் சங்கிலிபோல் ஒழுங்காக அமையும். அணிகிறவரின் உயரத்தளவே நீளம் இருந்தால் இரண்டு சுற்றுக்குப் போதும். அதற்கு ஏறத்தாழ 200 முதல் 300 கிராம் நூல் ஆகும்.

முடிந்தவற்றை வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுக்க வேண்டும். வெந்நீரில் போட்டுக் கசக்கினால் கம்பளி சுருங்கி ஒட்டிக்கொள்ளும். அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. கொடியில் தொங்கவிட்டால் நீரின் எடையால் நீண்டுவிடும். ஆகவே நிழலில், தட்டையாக விரித்து, ரிப் பகுதியை இழுக்காமல் உலர்த்த வேண்டும்; மேகமூட்டமான மலை நாட்களில் இதற்கு இரண்டு மூன்று நாட்கள்கூட ஆகும்.