வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா? கோன் செட்டை மாற்றும் முன்

நேர் ரோட்டில் போகும்போது பைக் ஒரு பக்கமாக நழுவுகிறது, இல்லையென்றால் ஹேண்டில் பார் கிடுகிடுவென்று ஆடுகிறது என்று சொன்னால், பெரும்பாலும் வரும் பதில், "கோன் செட் போயிருக்கும், மாத்திடலாம்." ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பகுதியில் இருக்கும் பேரிங்குகளைத்தான் கோன் செட் என்கிறார்கள். நானும் ஒருமுறை மாற்றினேன். இழுப்பு அப்படியே இருந்தது. அதற்கு இரண்டு நாள் முன்புதான் ஒரு கடையில் செயின் டைட் வைத்திருந்தேன். செயினை இறுக்கப் பின் சக்கரத்தை நகர்த்தும்போது, அதைக் கோணலாக வைத்து முடுக்கியிருக்கிறார்கள். அதை நான் யோசிக்கவே இல்லை.

அதனால் எந்தப் பாகத்தையும் சந்தேகிக்கும் முன், தொல்லை எப்போது தொடங்கியது, அதற்கு முன் வண்டியில் என்ன வேலை நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். டயர் மாற்றினீர்களா? வண்டி கீழே விழுந்ததா? ஒரு பக்கம் மட்டும் பெட்டி மாட்டினீர்களா? பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

இழுக்கிறதா என்று பார்க்கச் சிலர் ஓடும் வண்டியில் இரண்டு கையையும் விடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஆபத்து ஒருபுறம் இருக்க, சோதனையே சரியில்லை. மழைத்தண்ணீர் வடிவதற்காக நம் ரோடுகள் நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் போடப்படுகின்றன. இடப்பக்கம் ஓட்டும் நமக்கு, நல்ல வண்டியும் லேசாக இடது பக்கம் சாயத்தான் செய்யும். சமதளமான காலி மைதானத்தில், பிடியைத் தளர்த்தி மெதுவாக ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் இழுத்தால்தான் கோளாறு.

காற்றைக் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்து "இருக்கு" என்பது இன்னொரு தவறு. முன் டயரில் காற்று குறைந்தாலே ஹேண்டில் கனத்து வண்டி அலையும். உங்கள் வண்டிக்கான அளவு கையேட்டில் இருக்கும், பல வண்டிகளில் ஸ்டிக்கராகவும் ஒட்டியிருப்பார்கள். டயர் குளிர்ந்திருக்கும்போது கேஜ் வைத்துப் பாருங்கள். டயரின் நடுப்பகுதி தட்டையாகத் தேய்ந்திருந்தாலும் வண்டி அலையலாம்.

செயின் விஷயத்துக்கு வருகிறேன், அதிகம் ஏமாறுவது இங்கேதான். பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் இரண்டு பக்கமும் கோடுகள் இருக்கும். அவை சமமாக இருந்தால் சக்கரம் நேர் என்று விட்டுவிடுகிறோம். பழைய வண்டிகளில் அந்தக் கோடுகளை முழுக்க நம்ப முடியாது. ஒரு நீளமான நூலைப் பின் டயரின் இரண்டு ஓரத்தையும் தொட்டபடி முன் சக்கரம் வரை இழுத்துப் பிடியுங்கள். ஹேண்டில் நேராக இருக்கும்போது, முன் டயருக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் அதிகமென்றால், முதலில் பின் சக்கரத்தைச் சரிசெய்யுங்கள்.

கோன் செட்டையும் சோதித்துவிட்டே மாற்றலாம். சென்டர் ஸ்டாண்டு போட்டு, முன் சக்கரம் தரையைத் தொடாதபடி பின்பக்கத்தை ஒருவர் அமுக்கிக்கொள்ள, ஃபோர்க்கின் (முன் சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய்) அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். டக்கென்று ஆட்டம் தெரிந்தால் லூஸ். ஹேண்டிலைத் திருப்பும்போது நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் நின்றால் தேய்ந்துவிட்டது. தேய்ந்ததை முடுக்கி ஓட்டுவது பெரிய தவறு. ஆட்டம் நிற்கும், ஆனால் ஹேண்டில் இறுகி, மெதுவாகப் போகும்போது வண்டி அங்கும் இங்கும் அலையும்.

விழுந்த வண்டியில் ஹேண்டிலை மட்டும் நிமிர்த்திவிட்டு ஓட்டுகிறோம். ஃபோர்க் முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் கிளாம்ப் போல்ட்டுகளையும் முன் சக்கர அச்சையும் தளர்த்தி, ஃபோர்க் தானாக நேரான பின் முடுக்கச் சொல்லுங்கள். குழாயே வளைந்திருந்தால் பெண்டு எடுக்காமல் மாற்றிவிடுங்கள்.

வேகத்தில் திடீரென்று ஹேண்டில் ஆட ஆரம்பித்தால் பிரேக்கை அழுத்தாதீர்கள், ஹேண்டிலை இறுக்கிப் பிடித்து மல்லுக்கட்டவும் வேண்டாம். முழங்காலால் டேங்கைப் பிடித்துக்கொண்டு, ஆக்ஸிலேட்டரை மெல்லக் குறைத்து, ஓரமாக நிறுத்துங்கள். அப்புறம் வண்டியை ஓட்டிப் போகாமல் மெக்கானிக்கை அங்கேயே வரச் சொல்லுங்கள்.