மாடல் கிட் வாங்குமுன்: பெட்டியின் பெயரும் உள்ளே இருக்கும் அச்சும்

பாகங்களை ஒட்டி விமானம், டாங்க், கப்பல் செய்யும் மாடல் கிட்டில், ஒரே நிறுவனத்தின் பெயர் போட்ட இரண்டு பெட்டிகளை அருகருகே வைத்தால், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்குகளுக்கு நடுவே முப்பது வருட வித்தியாசம் இருக்கக்கூடும். ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் 1/72 (நிஜ அளவில் 72-ல் ஒரு பங்கு) ஸ்பிட்ஃபயர் விமானம் 1970களின் அச்சிலும் (பிளாஸ்டிக் பாகங்களை வார்க்கும் அச்சு) வந்திருக்கிறது, 2010 வாக்கில் புதிதாக வெட்டிய அச்சிலும் வந்திருக்கிறது. அதனால் ‘எந்தக் கம்பெனி நல்லது’ என்று கேட்பதைவிட, ‘இந்தப் பெட்டிக்குள் இருப்பது யார், எப்போது வெட்டிய அச்சு’ என்று கேட்டு வாங்குங்கள். காசு வீணாகாது.

பெட்டியில் ஒரு பெயர், அச்சு வேறொருவருடையது என்பதும் சகஜம். ரெவெல் பெட்டிக்குள் ஹசேகவா, ஸ்வெஸ்டா, ஐசிஎம் அச்சுகள் வந்திருக்கின்றன. தமியாவின் 1/72 விமான வரிசையில் சிலவற்றுக்குள் இருப்பது இத்தாலேரி பிளாஸ்டிக். தமியா என்ற பெயரை நம்பி வாங்கியவருக்குப் பொருத்தம் கொஞ்சம் தளர்வாக இருந்தால், காரணம் அதுதான். ஸ்கேல்மேட்ஸ் தளத்தில் பெட்டி எண்ணைப் போட்டால் அச்சின் முழு வம்சாவளியும் வரும்: முதலில் வெட்டிய வருடம், பெட்டி மாறிய வருடங்கள், டெக்கல் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள்) மட்டும் மாறிய பதிப்புகள். பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் வருடத்தை நம்ப வேண்டாம்; அது பெரும்பாலும் அந்தப் பெட்டி அட்டை அச்சடிக்கப்பட்ட வருடம். இறக்கையின் உட்புறத்திலோ ஸ்ப்ரூ சட்டத்திலோ (பாகங்கள் ஒட்டி வரும் சட்டம்) வருடம் சின்ன எழுத்தில் பொறித்திருந்தால் அதைப் பாருங்கள்.

பழைய அச்சைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம். பேனல் கோடுகள் (தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் கோடுகள்) பள்ளமாக இல்லாமல் மேடாக இருக்கும். இணைப்பைத் தேய்க்கும்போது அந்தக் கோடும் சேர்ந்து போய்விடும், பிறகு கீறித்தான் எடுக்க வேண்டும். பாகங்களின் ஓரத்தில் பிசிறு நிற்கும். தடிமனான இடங்களில் சிங்க் மார்க், அதாவது பிளாஸ்டிக் ஆறும்போது உள்வாங்கிய குழி தெரியும். பழையது என்பதற்காகவே ஒதுக்கவும் வேண்டாம். சில விமானங்களுக்கு அது ஒன்றுதான் கிடைக்கும், விலையும் குறைவு. தேய்க்கப் பழகுவதற்கு அதைவிட நல்ல பலகை இல்லை.

நிறுவனங்களின் பொதுவான குணம் இது. தமியாவில் பொருத்தம் அபாரம், பாகங்கள் குறைவு, செய்முறைத் தாள் தெளிவு. முதல் மூன்று கிட் தமியாவாக இருந்தால் கை தானாகப் பழகும். குறை என்று பார்த்தால் டெக்கல் கொஞ்சம் தடிமன். வெதுவெதுப்பான தண்ணீரும் வீரியமான டெக்கல் திரவமும் இல்லாமல் பேனல் கோட்டுக்குள் இறங்காது. ஹசேகவாவின் பேனல் கோடு மெல்லியது, அழகானது. ஆனால் அதன் பல 1/72 பெட்டிகளில் ஏவுகணை, குண்டு எதுவும் இராது. தனிப்பெட்டியாக வாங்க வேண்டும். விலையை ஒப்பிடும்போது அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். டிரம்பெட்டரில் பாகம் அதிகம், உருவத் துல்லியம் பெட்டிக்குப் பெட்டி மாறும். ஹாபிபாஸின் எளிய 1/72 கிட்டுகளில் உடல் ஏறக்குறைய ஒரே துண்டாக வரும், சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்யத் தோது. ஐசிஎம் பிளாஸ்டிக் மிருது, கேட் (பாகத்தை ஸ்ப்ரூவோடு இணைக்கும் காம்பு) தடிமன். நிப்பரை (வெட்டும் குறடு) பாகத்தோடு ஒட்டி வைத்து ஒரே வெட்டாக வெட்டினால் பாகம் பிய்ந்து வரும். முதலில் ஒரு மில்லிமீட்டர் தள்ளி வெட்டி, மிச்சத்தைப் பிளேடால் சீவுங்கள்.

செக் நாட்டின் எடுவர்ட் பெட்டிகளில் இரண்டு வகை முக்கியம். புரோஃபிபேக் என்றால் பித்தளை போட்டோ எட்ச் (மெல்லிய தகட்டுப் பாகங்கள்), கேனோபி மாஸ்க் (விமானி அறைக் கண்ணாடியில் பெயின்ட் படாமல் மறைக்கும் ஒட்டு), பல விமானங்களுக்கான டெக்கல் எல்லாம் இருக்கும். வீக்கெண்ட் என்றால் அதே பிளாஸ்டிக், போட்டோ எட்ச் இல்லை, விலை குறைவு. பித்தளையை மடிக்கப் பழகாதவர்கள் வீக்கெண்ட் வாங்கினால் போதும்.

இந்திய விமானப்படையின் மிக்-21 செய்ய நினைப்பவர்கள் பலர். எடுவர்டின் 1/48 மிக்-21 வரிசை 2011-ல் தொடங்கியது. இன்றும் அதுதான் நல்ல தேர்வு. ஆனால் ரகம் பார்த்து வாங்குங்கள். 1971 போரில் பறந்த எஃப்எல் ரகத்தின் கேனோபி முன்பக்கக் கீலில் திறக்கும் ஒற்றைத் துண்டு. பிஎஃப்எம், பிஸ் ரகங்களில் கேனோபி வலப்பக்கம் சாயும், முன் கண்ணாடி தனி. பிஸ் பெட்டியை வாங்கி டெக்கலை மட்டும் மாற்றி எஃப்எல் என்று சொல்ல முடியாது. பிஸ்ஸின் முதுகுப் பகுதியே தடிமன். வயிற்றின் கீழ் வரும் ஜிபி-9 துப்பாக்கிப் பெட்டி ஸ்ப்ரூவில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இடமும் கணக்கில் வரட்டும்: மிக்-21 1/72-ல் சுமார் 20 செ.மீ., 1/48-ல் 30 செ.மீ.

டெக்கலை லென்ஸ் வைத்துப் பார்க்காமல் விடாதீர்கள். நம் விமானப்படையின் வட்டத்தில் வெளியே காவி, நடுவே வெள்ளை, உள்ளே பச்சை. ஒரு நிறம் கால் மில்லிமீட்டர் நகர்ந்து அச்சாகியிருந்தாலும் பச்சைப் பொட்டு ஒருபக்கம் ஒதுங்கி, வெள்ளை வளையம் ஒரு ஓரத்தில் பருத்தும் எதிர் ஓரத்தில் மெலிந்தும் தெரியும். 1/72-ல் அந்த வட்டம் சட்டைப் பொத்தான் அளவுதான். ஆனாலும் கண் முதலில் போவது அங்கேதான். இப்படி வந்தால் தனி டெக்கல் ஷீட் வாங்குவதைத் தவிர வழியில்லை.

ஒரே வண்டியை மூன்று நிறுவனங்கள் செய்யும்போது வித்தியாசம் பளிச்சென்று தெரியும். டி-55 டாங்கை 1/35-ல் எடுங்கள். தமியாவின் 2002 அச்சில் சங்கிலி ஒட்டக்கூடிய பட்டையாக வரும், ஒரு மாலையில் மாட்டிவிடலாம். மினிஆர்ட்டில் சங்கிலி கண்ணி கண்ணியாக, ஒரு பக்கத்துக்குச் சுமார் 90. உள்கட்டமைப்போடு வரும் பெட்டி என்றால் மொத்தப் பாகம் ஆயிரத்தைத் தாண்டும். தாக்கோம் இரண்டுக்கும் நடுவே. மினிஆர்ட்டின் நுணுக்கம் கண்ணைப் பறிக்கும், ஆனால் மெல்லிய கைப்பிடி ஒன்றுக்கு மூன்று நான்கு கேட் இருக்கும். நிப்பர் அதிர்ச்சியிலேயே ஒடியும். அங்கே மெல்லிய ரம்பத் தகடுதான் சரி. முதல் டாங்குக்கு இது வேண்டாம்.

குறைந்த எண்ணிக்கையில் வெளியிடும் ஷார்ட்-ரன் கிட்டுகளில் பொருத்தும் ஆணியும் துளையும் இராது. ஸ்பெஷல் ஹாபியின் சில பழைய பெட்டிகள் இப்படித்தான். இறக்கையை உடலோடு முட்டவைத்து ஒட்ட வேண்டும். 0.8 மி.மீ. துளையிட்டுப் பித்தளைக் கம்பி செருகினால் கழன்று விழாது.

கப்பல் பக்கம் வந்தால் நம் கரைக்கே சொந்தமான விஷயங்கள் உண்டு. 1783 ஜூன் 20-ல் கடலூருக்கு எதிரே சஃப்ரனின் பிரெஞ்சுக் கப்பல்களும் ஹியூஸின் ஆங்கிலக் கப்பல்களும் மோதின. அந்தக் காலத்து 74 பீரங்கிக் கப்பல்களைச் செய்ய விரும்பினால் பிரெஞ்சு நிறுவனமான ஹெல்லரின் 1/150 வரிசை இருக்கிறது. அதன் பாய்மரக் கப்பல் அச்சுகள் மிகப் பழையவை. உடலின் இரு பாதிகள் வளைந்து வரும், நூல் கட்டும் படம் குழப்பும். பாதிகளை உடனே ஒட்டாதீர்கள். உட்புறம் குறுக்குச் சட்டம் வைத்து, டேப்பால் இறுக்கி, ஐந்து ஐந்து செ.மீ.யாக ஒட்டிக்கொண்டு போங்கள். 1914 செப்டம்பர் 22-ல் சென்னையைத் தாக்கி, தமிழுக்கு ஒரு சொல்லையே தந்த எம்டன் 1/350-ல் ரெவெலில் வந்திருக்கிறது, நீளம் சுமார் 34 செ.மீ.

பெயின்ட் எண்ணும் தேர்வில் சேர்த்தி. தமியா தாளில் தமியா எண் மட்டும், ஏர்ஃபிக்ஸில் ஹம்ப்ரால், ரெவெலில் அதன் சொந்த எண், எடுவர்டில் மிஸ்டர் ஹாபி. தீப்பிடிக்கும் பொருள் என்பதால் பெயின்ட், பசை ஆகியவை விமானத் தபாலில் எளிதில் வராது. உள்நாட்டில் உங்களுக்கு எது கிடைக்கிறதோ அந்த எண்ணுக்கான ஒப்பீட்டுப் பட்டியலை முன்பே எடுத்து வையுங்கள். தமியா அக்ரிலிக்கை மருந்துக்கடை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் கரைக்கலாம். ஹார்டுவேர் கடை என்.சி. தின்னரை வெறும் பிளாஸ்டிக்கில் தொடவிடாதீர்கள், மேற்பரப்பு உருகிச் சுருங்கும். வாட்டர் பேப்பர் 400 முதல் 2000 வரை கார் பெயின்ட் கடையிலேயே கிடைக்கும்.

கடலோர ஈரக்காற்றில் லேக்கர் (தின்னரில் கரையும் பெயின்ட்) அடித்தால் வெள்ளைப் புகை படிந்ததுபோல ஆகும். காற்றின் ஈரம் ஈரமான பெயின்ட்டின் மேல் குளிர்ந்து படிவதுதான் காரணம். காலை பத்து மணிக்கு மேல், கடல் காற்று திரும்புவதற்குள் அடியுங்கள். ரிடார்டர் (காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம்) கலந்த தின்னர் உதவும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் லேக்கரைத் தள்ளிப்போட்டு உள்வேலை பாருங்கள். போட்டோ எட்ச் உப்புக் காற்றில் கறுக்கும். கழுவித் துடைத்து அன்றே பிரைமர் போட வேண்டும். டெக்கல் ஷீட்டை சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஜிப் கவரில் வையுங்கள்.

பார்சல் வந்ததும் தாளிலுள்ள ஸ்ப்ரூ படத்தோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள். கண்ணாடிப் பாகம் தனிக் கவரில் இல்லையென்றால் கீறல் தேடுங்கள். வெயிலில் வண்டியில் கிடந்து இறக்கை வளைந்திருந்தால், 70 டிகிரி அளவு சூடான தண்ணீரில் அரை நிமிடம் வைத்து, தட்டையான கண்ணாடியில் அழுத்திக் குளிர விடுங்கள். வினைல் டயரும் சங்கிலியும் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக் கிடந்தால் அன்றே பிரித்துத் தனிக் கவரில் போடுங்கள். வினைலில் உள்ள எண்ணெய் கசிந்து பிளாஸ்டிக்கைக் கரைக்கும். நம் ஊர் சித்திரை வெயிலில் பரணில் கிடக்கும் பெட்டிக்கு அது இன்னும் சீக்கிரம் நடக்கும்.