பேராசிரியர்களின் வேலைக்கு நிதி திரட்டப் போகிறீர்களா?

முதலில் ஆசிரியர்களிடம் போங்கள், நன்கொடையாளர்களை அப்புறம் பார்க்கலாம். "ஆராய்ச்சிக்கு உதவுங்கள்" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் யாருக்கும் கொடுக்க மனம் வராது. எது இல்லாமல் யாருடைய வேலை நிற்கிறது என்று ஒவ்வொரு துறையிலும் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: ஒருவருக்கு ஆய்வு உதவியாளரின் ஒரு வருடச் சம்பளம், இன்னொருவருக்கு ஒரு நுண்ணோக்கி, வேறொருவருக்குப் புதிய பாடத்தை உருவாக்க ஒரு பருவம் வகுப்பிலிருந்து விடுப்பு (அவர் வகுப்புகளை எடுப்பவருக்குச் சம்பளம் தரவேண்டுமே, செலவு அதுதான்).

என்னைக் கேட்டால் சிறிய விதைநிதிக்குத்தான் (ஆய்வைத் தொடங்கிவைக்கத் தரும் சிறு தொகை) முதலிடம். பெரிய மானியம் தருகிற அமைப்புகள் பெரும்பாலும் முதற்கட்டத் தரவு எங்கே என்று கேட்கும், அந்தத் தரவைச் சேர்க்கவே கையில் பணம் இருக்காது, புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். முன்னாள் மாணவர்கள் சிலர் சேர்ந்து கொடுக்கிற தொகைகூட இந்த முட்டுக்கட்டையை எடுத்துவிடும்.

நிரந்தரமாக ஏதாவது செய்ய வேண்டும் என்று ஒருவர் வந்தால் இருக்கை பற்றிப் பேசுங்கள், அதாவது நன்கொடையை முதலீடு செய்து அதன் வருமானத்தில் என்றும் நடக்கும் ஒரு பேராசிரியர் பதவி. ஹென்றி லூகாஸ் என்பவர் உயிலில் விட்டுச்சென்ற சொத்தால் 1663-இல் கேம்பிரிட்ஜில் தொடங்கிய கணித இருக்கையில் 1669-இல் நியூட்டன் அமர்ந்தார், 1979-இல் ஹாக்கிங் அமர்ந்தார், இன்றும் அது இருக்கிறது. ஆனால் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மூலதனத்தைத் தொடாமல் வருடத்துக்கு 4 முதல் 5 சதவீதம் எடுத்துச் செலவழிப்பதுதான் பல இடங்களில் வழக்கம், ஆகவே வருடச் செலவைப் போல 20 முதல் 25 மடங்கு தொகை வேண்டும். அவ்வளவு முடியாது என்றால் அவரால் முடிந்த பணத்தை ஐந்து வருடத்தில் செலவழித்து முடிக்கும்படி வாங்கலாம், அதில் குறைவொன்றும் இல்லை.

பணம் வாங்குமுன் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். எந்தத் துறைக்கு என்பதை நன்கொடையாளர் சொல்லலாம். யாரை நியமிப்பது, ஆய்வில் என்ன முடிவு வரவேண்டும் என்பதில் அவருக்கு இடமே கிடையாது. இதை ஒப்புக்கொள்ளாத பணம் எவ்வளவு பெரிதானாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், ஆய்வின் நம்பகம் போனால் மீட்கவே முடியாது. நிர்வாகச் செலவுக்குப் பல்கலைக்கழகம் ஒரு பங்கு பிடிக்குமா என்பதையும் கணக்குப் பிரிவில் முன்கூட்டியே கேட்டு அவரிடம் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் வருடத்துக்கு ஒரு கடிதம். அதை அலுவலகம் எழுதவேண்டாம், பணத்தைப் பயன்படுத்திய ஆசிரியரே எழுதட்டும்: என்ன வாங்கினோம், எந்த மாணவர் அதில் வேலை செய்கிறார், எந்தச் சோதனை பலிக்கவில்லை என்பது உட்பட. அடுத்த உதவியை அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்த பிறகு கேளுங்கள்.