காப்பித் துணியைக் கெடுக்கும் தவறுகள்

நேற்றுவரை மணத்த காப்பியில் திடீரென்று பழைய எண்ணெய் வாடை வந்தால் எல்லாரும் தூளைத்தான் குறை சொல்கிறார்கள். தூளை மாற்றுவதற்கு முன் வடிகட்டும் துணியை முகர்ந்து பாருங்கள். வாடை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

காகித வடிகட்டி காப்பியின் எண்ணெயைப் பெரும்பாலும் பிடித்து வைத்துக்கொள்ளும். துணி அதைக் குவளைக்கு விட்டுவிடும். கோப்பித்தியாம் எனப்படும் மலேசியாவின் பழைய பாணிக் காப்பிக்கடைகளில் கிடைக்கும் காப்பியின் திடத்துக்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் கொஞ்சம் எண்ணெய் நூலிழையில் தங்கிவிடுகிறது. துணி உலர உலர, காற்றுப்பட்டு அந்த எண்ணெய் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். ஆகவே, கழுவிக் கொடியில் காயப்போடுவதுதான் முதல் தவறு. பினாங்குப் புழுக்கத்தில் அது சரியாகக் காய்வதும் இல்லை. தைத்த மடிப்பில் கரும்புள்ளியாகப் பூஞ்சணம் பிடித்துவிடும். மூடியுள்ள டப்பாவில் துணி மூழ்கும் அளவு தண்ணீர் விட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். வெளியூர் போவதானால் நீரை அழுத்தி எடுத்து, பிளாஸ்டிக் பையில் கட்டி, ஐஸ் அறைக்குள் வைத்துவிடலாம்.

சோப்பு கூடவே கூடாது. பருத்தி அந்த வாசனையை உறிஞ்சிக்கொண்டு அடுத்தடுத்த குவளைகளில் கக்கும். வடித்த கையோடு சக்கையைக் கொட்டி, துணியை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, ஓடும் நீர் தெளியும்வரை அலசினாலே போதும். சக்கையைச் சாயங்காலம்வரை அதிலேயே விட்டுவைத்தால் எந்த அலசலுக்கும் வாடை போகாது. முறுக்கிப் பிழியவும் வேண்டாம், நெசவு விலகித் தூள் இறங்கும். இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வைத்து அழுத்துங்கள். வாரம் ஒருமுறை வெறும் நீரில் 10 நிமிடம் கொதிக்க வையுங்கள்.

புதுத் துணியில் கஞ்சிப் பசை இருக்கும். ஒரு கரண்டி பழைய சக்கை போட்டு அதையும் அதேபோல் கொதிக்கவைத்து அலசிய பிறகே பயன்படுத்தவேண்டும்.

சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுத்த உள்ளூர்த் தூளுக்கும் வெறுமனே வறுத்த அராபிகா வகைத் தூளுக்கும் ஒரே துணி வேண்டாம். கருகிய சீனியின் மணம் துணியில் ஏறிவிட்டால் அராபிகாவின் மென்மை குவளைக்கு வந்துசேராது. தேநீருக்கும் தனித் துணிதான்.

20 கிராம் தூளுக்கு 300 மில்லி நீர் ஊற்றினால் மூன்று, மூன்றரை நிமிடத்தில் வடிந்துவிடவேண்டும். தூள் சீனி மணி அளவு இருக்கட்டும். அதைவிட நைசாக அரைத்தால் துணி அடைத்துக்கொள்ளும். மெதுவாக இறங்குகிறதே என்று கரண்டியால் சுரண்டினால் நைசுத்தூள் நெசவுக்குள் இன்னும் ஆழமாகப் போய்விடும். வடிந்தபின் துணியைக் காப்பிக்குள் ஊறவும் விடாதீர்கள், கசப்பு ஏறும்.

அதே தூள், அதே அளவு, ஆனால் வடிய ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகிறதா? ஒருமுறை கொதிக்கவைத்துப் பாருங்கள். அப்போதும் வேகம் திரும்பவில்லை என்றால் புதுத் துணி வாங்கவேண்டியதுதான். வாங்கும்போது துணியைத் தைத்திருக்கும் கம்பி வளையத்தையும் பாருங்கள்: துருப்பிடிக்காத எஃகு இல்லையென்றால், தண்ணீரில் ஊறும் துணியில் வளையத்தை ஒட்டிச் சீக்கிரமே செம்பழுப்புக் கறை படியும்.