இரவில் கால் குடைச்சல்: கெட்ட தூக்கத்தைச் சரிசெய்யும் வழி

படுத்த சிறிது நேரத்தில் கெண்டைக்காலுக்குள் ஏதோ ஊர்வது போலவும் எலும்பைக் குடைவது போலவும் தோன்றி, காலை நீட்டவும் விடாமல் மடக்கவும் விடாமல் எழுந்து நடக்க வைக்கும் தொல்லையை நம் வீடுகளில் ‘கால் குடைச்சல்’ என்று சொல்லி, பகலில் வேலை செய்த அலுப்பு என்று விட்டுவிடுகிறோம். என் அம்மா பல ஆண்டுகள் அப்படித்தான் விட்டுவைத்திருந்தார். இரவு இரண்டு மணிக்குக் கூடத்தின் சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருப்பார். நடக்கும்வரை ஒன்றும் இராது. பாயில் உட்கார்ந்ததும் குடைச்சல் திரும்பிவிடும். இது அலுப்பு அன்று, நரம்பு மண்டலக் கோளாறு. 1672-இலேயே தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதை எழுதிவைத்தார். 1945-இல் சுவீடன் நாட்டு நரம்பியல் மருத்துவர் எக்போம் விரிவாக ஆராய்ந்தார். இன்று மருத்துவர்கள் ‘ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம்’ என்கிறார்கள்.

படி 1: இதுதானா என்று பாருங்கள்

நான்கு கேள்விகள் போதும். காலை அசைத்தே ஆகவேண்டும் என்ற உந்துதல் வருகிறதா? அது ஓய்வாக இருக்கும்போது தொடங்குகிறதா? நடந்தால், நீட்டினால் தணிகிறதா? பகலைவிட மாலையிலும் இரவிலும் கூடுகிறதா? நான்குக்கும் ஆம் என்றால் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். கெண்டைச் சதை திடீரென்று கல்லாக இறுகி உயிர் போவது போல வலித்தால் அது சதைப்பிடிப்பு. பாதத்தில் நாள் முழுவதும் எரிச்சலும் மரத்துப்போதலும் இருந்தால், குறிப்பாகச் சர்க்கரை நோயாளிகளுக்கு, அது நரம்புப் பாதிப்பாக இருக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் தாமதிக்காமல் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

படி 2: ஒரு வாரக் குறிப்பு

குடைச்சல் தொடங்கிய நேரம், எத்தனை முறை எழுந்தீர்கள், மாலைக்குப் பிறகு குடித்த காபி, தேநீர், எடுத்துக்கொண்ட மாத்திரைகள் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். தூக்கத்தில் கால் உதறுகிறதா என்று பக்கத்தில் படுப்பவரிடம் கேட்டு அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உதறுவது உதறுபவருக்குத் தெரியாது.

படி 3: இரும்புச் சத்தைச் சோதியுங்கள்

பலர் தவறவிடும் இடம் இது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். உடல் அசைவைக் கட்டுப்படுத்தும் டோபமின் என்ற வேதிப்பொருள் மூளையில் உருவாக இரும்பு தேவை. இரத்தத்தில் ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் சேமிப்பில் உள்ள இரும்பு குறைந்திருக்கக்கூடும். அம்மாவுக்கு ‘ரத்தம் நன்றாகத்தான் இருக்கிறது’ என்று ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்பினார்கள். சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் சோதனையை யாரும் எழுதித்தரவில்லை. அதை நீங்களே கேட்டுப் பெறுங்கள். பொதுவாக இரத்தசோகைக்குப் பார்க்கும் அளவுகோல் இங்கே பொருந்தாது. ஃபெரிட்டின் மில்லிலிட்டருக்கு 75 நானோகிராமோ அதற்குக் கீழோ இருந்தால், கால் குடைச்சல் உள்ள பெரியவர்களுக்கு இரும்பு மாத்திரை தருவதைப் பரிசீலிக்கலாம் என்பது இத்துறை வல்லுநர்களின் பரிந்துரை. சோதனைச்சாலைத் தாளில் 30 என்பது ‘இயல்பு’ என்றே அச்சாகியிருக்கும்; அதைப் பார்த்து நிம்மதியடைந்துவிட வேண்டாம். காய்ச்சலோ வேறு அழற்சியோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதால் உடல் தேறிய பிறகு சோதிப்பது நல்லது.

மாத்திரை தரப்பட்டால் எலுமிச்சைச் சாறு போன்ற வைட்டமின் சி உள்ள ஒன்றோடு, வெறும் வயிற்றில் விழுங்குங்கள். தேநீர், காபி, பால் ஆகியவற்றோடு சேர்த்தால் இரும்பு உடலில் சரியாகச் சேராது. (சாப்பிட்ட கையோடு காபி குடிக்கும் நம் வழக்கத்துக்கும் இதே கணக்குதான்.) மலம் கறுப்பாகப் போவது கண்டு பயப்பட வேண்டாம். பலன் தெரிய வாரங்கள் ஆகும். சுமார் மூன்று மாதம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். சோதிக்காமல் நீங்களாக இரும்பு வாங்கிச் சாப்பிடக் கூடாது. சிலருக்கு உடலில் இரும்பு அளவுக்கு மீறித் தேங்கும் கோளாறு இருக்கும்.

படி 4: மாத்திரைப் பெட்டியைக் கொட்டிப் பாருங்கள்

சளிக்கும் அரிப்புக்கும் தரப்படும், தூக்கம் வரவழைக்கும் பழைய வகை ஒவ்வாமை மருந்துகள் குடைச்சலைக் கூட்டும். தூக்கம் வரவில்லை என்று மருந்துக்கடையில் சொன்னால் கையில் கிடைப்பதும் சில வேளை அதுவாகவே இருக்கும். வாந்தியை நிறுத்தும் மெட்டோகுளோப்ரமைடு, மனச்சோர்வுக்கான பல மருந்துகள், மனநோய்க்கான சில மருந்துகள் ஆகியவையும் இப்பட்டியலில் உண்டு. எதையும் நீங்களாக நிறுத்தாமல், பட்டியலை மருத்துவரிடம் காட்டி மாற்று உண்டா என்று கேளுங்கள். கர்ப்பிணியாகவோ சிறுநீரக நோயாளியாகவோ இருந்தால் அதையும் சொல்லுங்கள். இரு நிலைகளிலும் இத்தொல்லை மிகுதி.

படி 5: இரவுக்கான ஏற்பாடு

மதியத்துக்குப் பிறகு காபி, தேநீர் வேண்டாம்; மதுவும் புகையும் அறவே வேண்டாம். மாலையில் அரை மணி நேரம் நடங்கள், ஆனால் படுக்கும் முன் கடுமையான உடற்பயிற்சி கூடாது. படுக்குமுன் ஒரு வாளி வெதுவெதுப்பான நீரில் காலை வைத்திருந்து, துடைத்து, கெண்டைச் சதையைக் கணுக்காலிலிருந்து மேல்நோக்கிப் பிடித்துவிடச் சொல்லுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்குச் சூடு உறைக்காமல் போகலாம் என்பதால் வேறொருவர் கைவைத்துப் பார்க்க வேண்டும். குடைச்சல் தொடங்கிவிட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பதில் பயனில்லை. எழுந்து நடந்துவிட்டு, குறுக்கெழுத்துப் போல மனத்தை இழுத்துப்பிடிக்கும் ஒன்றைச் செய்யுங்கள். இரவுப் பேருந்தில் போவதானால் நடைபாதை ஓர இருக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

படி 6: மருந்து தேவைப்பட்டால்

வாரத்தில் பல இரவுகள் தூக்கம் கெட்டால் நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இப்போது முதலில் காபாபென்டின், பிரிகாபலின் வகையைத்தான் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கிறார்கள். பகல் மயக்கமும் தலைசுற்றலும் வரலாம் என்பதால் முதியவர்கள் இரவில் எழும்போது கவனம் தேவை. பிரமிபெக்சோல், ரோபினிரோல் ஆகியவை தொடக்கத்தில் அற்புதமாக வேலைசெய்தாலும், ஆண்டுகள் செல்லச்செல்ல நோயையே முற்றவைக்கக்கூடும். இரவு பத்து மணிக்கு வந்த குடைச்சல் மாலை ஐந்துக்கே வருவதும், காலோடு நில்லாமல் கைக்குப் பரவுவதும் அதன் அடையாளங்கள். அப்போது மாத்திரையைக் கூட்டிக்கொள்ளவும் வேண்டாம், சட்டென்று நிறுத்தவும் வேண்டாம். தொடங்கும் நேரம் முன்நகர்ந்த கதையை நோட்டில் காட்டினால், மருத்துவர் படிப்படியாகக் குறைத்து வேறு மருந்துக்கு மாற்றுவார்.