கறிவேப்பிலையை உருவாதீர்கள், நுனியோடு நறுக்குங்கள்

வீட்டுக் கறிவேப்பிலைச் செடி ஒற்றைக் குச்சியாக உயர்ந்துகொண்டே போகிறதா? தாளிக்கும் அவசரத்தில், கைக்கு எட்டிய ஈர்க்குகளை மட்டும் உருவுவதுதான் காரணம். உருவிய காம்பில் மறுபடி இலை வராது. தண்டு மொட்டையாகவே நிற்கும். அதற்குப் பதில் கிளையின் நுனியையே கத்தரிக்கோலால் நறுக்கி எடுங்கள். சில வாரங்களில், வெட்டிய இடத்துக்குக் கீழே சிறு துளிர்கள் எட்டிப் பார்க்கும். என் தொட்டிச் செடி அப்படித்தான் புதராக அடர்ந்தது.

இளஞ்செடியில் வெள்ளைப் பூங்கொத்து வந்தால், மனம் வராவிட்டாலும் கிள்ளிவிடுங்கள். சத்து தழைக்குப் போகட்டும். வளர்ந்த மரமென்றால் பூக்க விடலாம், தேனீக்கள் மொய்க்கும். கறுத்துப் பழுத்த பழம் கிடைத்தால் சதையை நீக்கி உடனே விதையுங்கள். காய்ந்த விதை முளைப்பது அரிது.