சம்ப்பில் மிதவை சுவிட்ச்: கெட்டாலும் தண்ணீர் தரைக்கு வராதபடி மாட்டுவது

மீன்தொட்டிக்குக் கீழே சம்ப் (மேல் தொட்டியிலிருந்து ஓவர்ஃப்ளோ குழாயில் இறங்கும் தண்ணீர் சேரும் தொட்டி; அங்கிருந்து ரிட்டர்ன் பம்ப் அதை மறுபடி மேலே ஏற்றும்) வைத்திருக்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: உங்கள் மிதவை சுவிட்ச் கெட்டுப்போனால் பம்ப் ஓடுமா, நிற்குமா? பலருக்குப் பதில் தெரிவதில்லை. சுவிட்ச் கெடாது என்று நம்பி மாட்டியிருப்பார்கள். ஆனால் அது கெடும். உப்பு படியும், பாசி பிடிக்கும், நத்தை ஏறி உட்காரும், வயர் அறும். எந்த வகையில் கெட்டாலும் ஆபத்தில்லாத பக்கமாகக் கெட வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அதற்காகத்தான்.

செங்கோட்டையில் வயரிங் வேலை பார்க்கிறேன். கிணற்று மோட்டார், மாடித் தொட்டி கண்ட்ரோலர் எல்லாம் தினசரி வேலை. கடல்மீன் தொட்டி சொந்த ஆசை. ஆரியங்காவு கணவாய்க் காற்று ஜூன் மாதம் தொடங்கிவிட்டால் இங்கே கம்பி மேல் கிளை விழுவதும் கரண்ட் போய்ப் போய் வருவதும் வாடிக்கை. சம்ப்புக்கு அதுதான் பெரிய சோதனை.

அதனால் சுவிட்ச் வாங்குவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது மெயினை அணையுங்கள். ரிட்டர்ன் குழாயின் வாய் தண்ணீருக்குள் இருந்தால், அது வெளியே தெரியும்வரை மேல் தொட்டித் தண்ணீர் பின்னோக்கி இறங்கும். 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம் உள்ள தொட்டியில் 1 செ.மீ. உயரம் என்பது 5.4 லிட்டர். குழாய் வாய் 5 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 27 லிட்டர் கீழே வரும். குழாயில் நிற்கும் தண்ணீர் தனி. சம்ப் அதைத் தாங்கவில்லை என்றால் எந்த கண்ட்ரோலரும் காப்பாற்றாது, ஏனென்றால் அந்த நேரத்தில் அணைப்பதற்கு எதுவுமே ஓடிக்கொண்டிருக்காது. குழாய் வாயை மேலே ஏற்றுங்கள், அல்லது சம்ப்பின் ஓடு மட்டத்தை, அதாவது பம்ப் ஓடும்போது நிற்கும் தண்ணீர் மட்டத்தை, குறையுங்கள். காற்றை உள்ளே விட்டுப் பின்னோட்டத்தை நிறுத்தக் குழாயில் போடும் சைஃபன் ஓட்டையைப் பாசி அடைத்துவிடும். தண்ணீரை ஒரே பக்கம் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு சிறு சிப்பி சிக்கினாலே மூடாது. இரண்டையும் கூடுதல் காப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது சுவிட்ச். சம்ப்புக்கு ஏற்றது சிறிய பிளாஸ்டிக் மிதவை. தண்டுக்குள் ரீட் சுவிட்ச் (காந்தம் அருகே வந்தால் சேரும் மெல்லிய தகடுகள்), மிதவைக்குள் காந்தம். கிளிப்பைக் கழற்றி மிதவையைத் தலைகீழாகப் போட்டால், தண்ணீர் ஏறும்போது சேரும் சுவிட்ச், தண்ணீர் ஏறும்போது பிரியும் சுவிட்சாக மாறிவிடும். மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து, மிதவையைக் கையால் தூக்கிப் பார்த்த பிறகே மாட்டுங்கள்.

இந்தச் சின்ன மிதவைகள் பலவும் 10 வாட் அளவுக்கே செய்தவை. பம்ப்பை இதில் நேரடியாகக் கொடுக்கக் கூடாது. மோட்டார் தொடங்கும்போது இழுக்கும் கரண்டில் உள்ளே இருக்கும் மெல்லிய தகடுகள் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் மிதவை எங்கே இருந்தாலும் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். அதோடு, 230 வோல்ட்டை உப்புத் தண்ணீருக்குள் இறக்குவதை நான் எந்த வீட்டிலும் அனுமதிப்பதில்லை. மிதவைக்கு 12 வோல்ட் டிசி போதும். அது ஒரு ரிலேயின் (சிறு கரண்டால் பெரிய கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் சுவிட்ச்) காயிலை இயக்கட்டும், பம்ப்பை ரிலே இயக்கட்டும். காயிலுக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டயோடு எதிர்த்திசையில் போடுங்கள். காயில் அணையும்போது எழும் வோல்டேஜ் ரீட் சுவிட்சைத் தின்றுவிடாமல் அது பார்த்துக்கொள்ளும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இருந்தால் அதற்கு ரிலே பத்தாது, பெரிய ரிலே போன்ற காண்டாக்டர் வேண்டும்.

முதல் மிதவை, சம்ப்பில் ரிட்டர்ன் பம்ப் இருக்கும் தடுப்பறையின் கீழ் மட்டத்துக்கு. தண்ணீர் இருக்கும்போது சேர்ந்திருக்க வேண்டும். சேர்ந்திருந்தால் ரிலே இழுத்திருக்கும், பம்ப் ஓடும். தண்ணீர் இறங்கினாலும், வயர் அறுந்தாலும், அடாப்டர் போனாலும் பம்ப் நிற்கும். எப்படிக் கெட்டாலும் நிற்பதுதான் இங்கே பாதுகாப்பு. மேல் தொட்டியில் அலை பம்ப்போ காற்று பம்ப்போ தனி இணைப்பில் ஓடினால், ரிட்டர்ன் சில மணி நேரம் நின்றாலும் மீன் தாங்கும். அந்த அறையிலேயே ஹீட்டர் இருந்தால் அதையும் இதே ரிலே வழியாகக் கொடுங்கள். தண்ணீருக்கு வெளியே எரியும் ஹீட்டரின் கண்ணாடி வெடிக்கும்.

இந்த மிதவையை எவ்வளவு உயரத்தில் வைப்பது என்பதில்தான் நான் அதிக நேரம் செலவழிப்பேன். புனலூரில் கடை வைத்திருக்கும் எங்கள் ஊர் அண்ணாச்சி ஒருநாள் கூப்பிட்டார். "தம்பி, பம்ப் சத்தம் மாறிருச்சு, ஹாலெல்லாம் தண்ணி" என்றார். ஓவர்ஃப்ளோ குழாயை ஒரு நத்தை அடைத்திருந்தது. கீழே இறங்க வேண்டிய தண்ணீர் இறங்கவில்லை. பம்ப் மட்டும் மேலே ஏற்றிக்கொண்டே இருந்தது. அவருடைய மிதவை அறையின் அடியில் இருந்ததால், அறை முழுவதும் மேலே போன பிறகுதான் பம்ப் நின்றிருக்கிறது. 30-க்கு 30 செ.மீ. அறையில் 1 செ.மீ. என்பது 0.9 லிட்டர். ஓடு மட்டத்துக்கு 5 செ.மீ. கீழே மிதவை இருந்திருந்தால் 4.5 லிட்டர்தான் மேலே போயிருக்கும். நான் சொன்ன அளவுள்ள தொட்டியில் அது 1 செ.மீ.கூட ஏறாது.

அந்த வீட்டில் இன்னொன்றும் நடந்திருந்தது. அறையில் மட்டம் குறைந்ததும், வற்றிவிட்டது என்று எண்ணித் தானியங்கி டாப்-அப் (ஆவியாகிக் குறைவதை ஈடுசெய்யும் சின்ன பம்ப்) நல்ல தண்ணீரை ஊற்றத் தொடங்கியது. அதையும் பம்ப் மேலே ஏற்றியது. ஹாலில் நின்ற தண்ணீரில் பாதி அதுதான். ஆகவே டாப்-அப் பம்ப்பின் சப்ளையும் கீழ்மட்ட ரிலே வழியாகவே போகட்டும். ரிட்டர்ன் நின்றால் டாப்-அப்பும் நிற்க வேண்டும்.

டாப்-அப்புக்கு இரண்டு மிதவைகளைத் தொடராக இணையுங்கள். ஒன்று ஓடு மட்டத்தில், தண்ணீர் இறங்கினால் சேர்வது. இன்னொன்று அதற்கு 2 செ.மீ. மேலே, தண்ணீர் ஏறினால் பிரிவது. கீழே உள்ளது ஒட்டிக்கொண்டாலும் மேலே உள்ளது நிறுத்தும். ஊற்றும் குழாயின் நுனி சம்ப் தண்ணீரைத் தொடவே கூடாது. ஆர்.ஓ. தண்ணீர் வைத்திருக்கும் கேன் சம்ப்பைவிட உயரமாக இருந்தால், பம்ப் நின்ற பிறகும் சைஃபனாக இறங்கிக்கொண்டே இருக்கும். கேனைத் தரையில் வையுங்கள். அளவும் சிறியதாக இருக்கட்டும். 300 லிட்டர் உப்புத் தண்ணீரில் 15 லிட்டர் நல்ல தண்ணீர் முழுவதும் கொட்டிவிட்டாலும் உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கிலிருந்து ஏறக்குறைய 33-க்குத்தான் இறங்கும், மீன் பிழைத்துக்கொள்ளும். 100 லிட்டர் டிரம்மை இணைத்தால் அது கொலை.

மிதவை அலையில் ஆடினால் ரிலே படபடவென்று அடித்துக்கொள்ளும். ஒரு துண்டு பிவிசி குழாயின் அடியில் சில ஓட்டைகள் போட்டு, மிதவையை அதற்குள் நிறுத்துங்கள். அலையும் அடங்கும், நத்தையும் வராது.

இங்கேதான் கண்ட்ரோலர் உதவுகிறது. வெறும் ரிலேயில் ஒரு குறை உண்டு. அடைப்பால் பம்ப் நின்றதும் குழாய்த் தண்ணீர் பின்னால் இறங்கி அறை நிறையும், மிதவை எழும்பும், பம்ப் மறுபடி ஓடும். விடிய விடிய இதுவே நடக்கும். கண்ட்ரோலரில், ஒருமுறை நின்றால் பத்து நிமிடம் கழித்தே மறுபடி ஓடு, மூன்றாவது தடவையும் நின்றால் நின்றபடியே இருந்து சத்தம் போடு என்று சொல்லிவைக்கலாம். டாப்-அப்புக்கு நேர வரம்பு வையுங்கள்: வழக்கமாக 40 விநாடியில் நிரம்புகிறது என்றால், 2 நிமிடத்துக்கு மேல் ஓடினால் நிற்கட்டும். ரிட்டர்ன் தொடங்கி ஐந்து நிமிடம் கழித்து, அழுக்கை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர் ஓடட்டும். கரண்ட் வந்தவுடன் சம்ப் மட்டம் உயரமாக இருக்கும், அப்போது ஸ்கிம்மர் ஓடினால் அழுக்குக் கோப்பை பொங்கி வழியும்.

மொபைல் எச்சரிக்கையை மட்டும் நம்ப வேண்டாம். கரண்ட் போனால் மோடமும் போகும். பேட்டரியில் ஓடும் பஸ்ஸர் ஒன்று இருக்கட்டும்.

ரிலே பெட்டியும் அடாப்டரும் அலமாரிக்கு வெளியே, தண்ணீர் மட்டத்துக்கு மேலே, பக்கச் சுவரில். வயர் ஒவ்வொன்றும் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு இறங்கி ஏறட்டும், வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் தொட்டி வேலையைத் தொடங்குவதற்கு முன் அதை மாட்டச் சொல்லிவிடுவேன்.

மாதம் ஒருமுறை ஒவ்வொரு மிதவையையும் விரலால் தூக்கி இறக்கி, நிற்க வேண்டியது நிற்கிறதா என்று பாருங்கள். மிதவை வயரைப் பிடுங்கியும் பாருங்கள். வெள்ளை படிந்திருந்தால் கழற்றி வினிகரில் ஊறவைத்துக் கழுவி, காந்தம் பக்கம் மாறாமல் திருப்பி மாட்டுங்கள். சாரல் தொடங்கும் முன் மே மாதக் கடைசியில் ஒருமுறை மெயினை அணைத்து, சம்ப் எவ்வளவு ஏறுகிறது என்று மறுபடி அளந்துவிடுங்கள். புதிதாகப் பாறையோ பம்ப்போ வைத்திருந்தால் பழைய அளவு செல்லாது.